ஓய்வு நேரம்: ஒடிந்த காலுக்கு மாற்றுக் கால்

சென்ற திங்கள் இப்பகுதி வெளிவராமற் போனதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நாம் ஒரு காலைத் தேடி அலைந்துகொண்டிருந்தோம். மனிதர் காலன்று, ஒரு சிறு விமானத்தின் கால்.

வானொலி அலையால் தரையிலிருந்து இயக்கப்படும் விளையாட்டு விமானங்களை அன்பர்கள் கண்டிருக்கலாம். நம் இல்லத்திலுள்ளதை நம் தமையனார் தம் கையாலேயே கட்டினார். பால்சா மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் ஆனது. இறக்கையின் நீளம் 1,600 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய மூன்று கிலோ. அவர் காலமாகி இரண்டாண்டுகள் ஆகின்றன. அண்ணியாரும் பையனும் நம்முடன் கல்யாணில் இருக்கின்றனர். தீபாவளிக்கு மறுவாரம், ஊருக்கு வெளியே ஒரு தரிசு வெளியில் பையன் முதன்முறையாகத் தனியே அதைப் பறக்கவிட்டான். பறத்தலெல்லாம் நன்றாகவே நடந்தது. இறங்கும்போது இடது சக்கரம் ஒரு குழியில் சிக்கிற்று. கால் வளைவிலேயே பிளந்துவிட்டது. பையன் ஒன்றும் பேசாமல் விமானத்தைக் கொண்டுவந்து கட்டிலின் கீழே வைத்தான். பிறகு அதைத் தொடவேயில்லை. "அப்பா கட்டியதை நான் உடைத்துவிட்டேன்" என்று அண்ணியாரிடம் மட்டும் ஒருநாள் சொன்னானாம்.

இக்கால் கார்பன் நாரால் ஆனது. நூலினும் மெல்லிய கரி இழைகளைத் துணிபோல் நெய்து, அடுக்கடுக்காக அச்சின்மேல் பரப்பி, எபாக்ஸி பிசினில் தோய்த்து இறுகச் செய்வர். இவ்விழையின் வலிமைமிக்க வகை 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் உருப்பெற்றது. அலுமினியக் காலைவிட எடை மிகக் குறைவு. ஆயினும் குணத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அலுமினியம் அடிபட்டால் வளையும். முழங்காலில் வைத்து நிமிர்த்திவிடலாம். கார்பன் கால் வில்போல் வளைந்து மீளும். எல்லை மீறினால் பிளக்கும். பிளந்ததை நிமிர்த்துவதென்பது இல்லை.

நாமும் முதலில் பிசின் பூசித்தான் பார்த்தோம். இரண்டு நாள் உலரவிட்டுக் கையால் அழுத்தியதும் 'சடக்'கென்றது. நீளவாக்கில் ஓடும் இழைகளே சுமையைத் தாங்குகின்றன. அவை அறுந்தபின் பிசின் வெறும் பூச்சுத்தான். வெளியே காயம் தெரியாத காலையும் நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் கணீரென்னும். அடுக்குப் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

ஒரு ஞாயிறன்று தாதரில் வண்டி மாறிக் கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் ரோடு முழுவதும் நடந்தோம். மோட்டாரும் மின்கலமும் குவிந்து கிடக்கின்றன. கால் மட்டும் இல்லை. ஒரு கடைக்காரர், "வெளிநாட்டிலிருந்து இனி ஒன்றும் வராது, சாப்; அரசாங்கம் நிறுத்திவிட்டது" என்றார். வீடு திரும்பி அறிவிப்பைத் தேடிப் படித்தோம். 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது ட்ரோன்களின் இறக்குமதி. உறுப்புகளுக்கு அத்தடை இல்லை. கடைக்காரர் சொல்லைக் கேட்டதோடு நின்றிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த இடர், விமானத்தை விற்ற கம்பெனி அந்த வகையையே நிறுத்திவிட்டது. அதே காலைத் தேடிப் பயனில்லை. அளவொத்த காலைத் தேட வேண்டும். இங்கேதான் நம் உத்தியோகம் கைகொடுத்தது. பார்சல் ஆபீஸில் "ஒரு இரும்புச் சாமான்" என்று எழுதிக் கொடுப்பவரிடம் நீளம் என்ன, அகலம் என்ன, எடை என்ன என்று நாள் முழுவதும் கேட்டுக் கேட்டு நமக்கு நா வறண்டிருக்கிறது. நாமும் கடைகளுக்கு "60 அளவு விமானத்துக்குக் கால்" என்றே எழுதிக்கொண்டிருந்தோம்! அந்த எண் எஞ்சினின் பருமனைக் குறிப்பது. காலின் உருவத்தைச் சொல்லாது.

ஒடிந்த துண்டுகளைக் காகிதத்தின்மேல் சேர்த்து வைத்துப் பென்சிலால் வரைந்து அளந்தோம். உடலோடு பொருந்தும் தட்டையான பகுதியின் அகலம் 120 மில்லிமீட்டர். அங்கிருந்து அச்சுத் துளை வரை உயரம் 150. இரு அச்சுத் துளைகளுக்கும் இடையே 380. துளையின் விட்டம் 4. இவற்றுள் உயரமே தலையாயது. அது குறைந்தால் முன்னுள்ள சுழல்விசிறி தரையில் அடிபடும். வால்சக்கர வகை விமானமாதலால், முன்சக்கரங்கள் எடை மையத்துக்குச் சற்று முன்னே நிற்றல் வேண்டும். பின்னே போனால் மூக்குக் குத்தும்.

அவ்வளவுகளைக் கண்ட பெங்களூர் வணிகர் ஒருவர் மறுநாளே பதில் எழுதினார். அகலம் 125, உயரம் 155, துளைகளுக்கிடையே 400. விலை ரூபாய் 2,600. வந்ததும் நிறுத்துப் பார்த்தோம்: 65 கிராம்!

அகலத்தில் மிகுந்த ஐந்து மில்லிமீட்டருக்காகக் காலைத் தேய்க்க வேண்டாம். உடலின் அடியிலுள்ள பள்ளத்தை அரத்தால் அகட்டினோம். புதுக் காலில் போல்ட்டுத் துளை இல்லை. நாமே இட வேண்டியிருந்தது. துளையிடும் இடத்தில் காகித நாடா ஒட்டி, அடியில் மரக்கட்டை வைத்துக் கூரான துரப்பணத்தால் மெல்ல இட்டோம்; இல்லையேல் விளிம்பு சிம்பு சிம்பாகப் பெயரும். அத்தூள் மூச்சுக்குள் போகலாகாது, தோலிலும் அரிக்கும். முகமூடி அணிந்து, ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். வாயால் ஊதுவது மடமை.

பழைய காலைக் கழற்றிய அன்றுதான் ஒன்றைக் கண்டோம். அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் இரண்டும் எஃகு. அங்கே நைலான் போல்ட்டு இருக்க வேண்டும். சக்கரம் எதிலாவது இடறினால் நைலான் முறிந்து, கால் தனியே கழன்று விழும். காலும் பிழைக்கும், உடலும் பிழைக்கும். எஃகு விட்டுக்கொடுக்காது, ஆகவே கால் பிளந்தது, அதன் மேலிருந்த ஒட்டுப்பலகையும் விரிந்தது.

குற்றம் பையனுடையதன்று. ஆனால் அதைச் சொன்னால் குற்றம் யாரிடம் போய்ச் சேரும்? இரண்டு நாள் வாளாவிருந்தோம். தந்தையைக் குறைத்துப் பேசி மகனைத் தேற்றுவது நமக்கு உவப்பாயில்லை. மூன்றாம் நாள் இரவு, அந்தப் போல்ட்டுகளை அவன் உள்ளங்கையில் வைத்து, உள்ளதைச் சொன்னோம்.

அவன் வெகுநேரம் அவற்றைப் பார்த்தான். "அப்பாவுக்குத் தெரியும், சித்தப்பா. நைலான் வரவழைத்திருக்கிறேன், வந்ததும் மாற்ற வேண்டும் என்று சொன்னார். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்" என்றான்.

அண்ணியார் எழுந்து போய்த் தமையனாரின் தகரப்பெட்டியைக் கொண்டுவந்தார். அடியில், பிரிக்கப்படாத ஒரு காகித உறை. உள்ளே பத்து நைலான் போல்ட்டுகள்.

ஒட்டுப்பலகையை மாற்றும் வேலையைப் பையனே செய்தான். நாம் விளக்குப் பிடித்ததோடு சரி. கார்த்திகை கடைசி ஞாயிறு அதே வெளிக்குப் போனோம். முதலிரு இறக்கங்கள் நன்றாக அமைந்தன. மூன்றாவதில் பழைய குழிக்கு அருகிலேயே சக்கரம் இடறிற்று; இரண்டு போல்ட்டும் முறிந்து கால் ஒருபுறம், விமானம் ஒருபுறம் கிடந்தன. பையன் ஓடிப்போய்க் காலை எடுத்து நாணயத்தால் தட்டினான். கணீரென்றது. உடனே வேறு இரண்டு போல்ட்டுகளை முடுக்கிவிட்டு மறுபடியும் பறக்கவிட்டான்.

உறையில் இன்னும் ஆறு இருக்கின்றன.