எதிர்ப்பாற்றல் ஒருவர் சொத்தன்று

எங்கள் விடுதியில் இரவு உணவுக்குப் பின் நடக்கும் பேச்சுக்கு எல்லை கிடையாது. அரசியலில் தொடங்கும், சினிமாவுக்குள் புகும், பரீட்சையில் வந்து முடியும். சென்ற திங்களில் ஓர் இரவு அது கொரோனாவை நோக்கித் திரும்பிற்று. 2021-ஆம் ஆண்டு ஏப்ரலிலும் மேயிலும் இந்தப் பெங்களூர் நகரத்தில் படுக்கைக்காக மக்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததை ஒருவர் நினைவூட்டினார். அப்போது மற்றொரு நண்பர், "எதிர்ப்புச் சக்தி உள்ளவன் பிழைத்தான், இல்லாதவன் போனான். இயற்கையின் தேர்வு என்பது அதுதானே!" என்றார். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அன்று வாய் திறவாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று சொல்லத் தவறியதை இன்று நம் மன்ற இதழில் சொல்ல விரும்புகிறேன்.

எதிர்ப்புச் சக்தி என்று நாம் கூறுவது ஒரே பொருள்தானா? பானையில் ஊற்றிய தண்ணீரைப்போல் ஒருவரிடம் நிறைந்தும் மற்றவரிடம் குறைந்தும் இருப்பதா? பெருந்தொற்றுக் காலத்தில் அதைப் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்றவர்கள் நம்மை அப்படித்தான் நம்பச் செய்தார்கள். உண்மை வேறு. அந்த உண்மையை உலகுக்குக் கற்பித்தவர்கள், பிறக்கும்போதே எதிர்ப்பாற்றலில் ஒரு குறையோடு பிறந்தவர்கள்.

1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவரிடம் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். கடுமையான தொற்று அவனை மீண்டும் மீண்டும் வீழ்த்திக்கொண்டிருந்தது. அவனுடைய இரத்தத்தைச் சோதித்த மருத்துவர் திகைத்தார். எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் என்ற புரதம் அவனிடம் இல்லவே இல்லை! பிறருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அந்தப் புரதத்தை ஊசிவழியே செலுத்தியதும் சிறுவன் தேறினான். இக்குறைக்குக் காரணமான மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. அது எக்ஸ் குரோமசோமில் இருக்கிறது. ஆகையால் தாய் நலமாக இருப்பாள். மகனுக்கு நோய் வரும். இப்படி மரபணுப் பிழையால் வரும் எதிர்ப்பாற்றல் குறைகள் இன்று ஏறத்தாழ 500 வகை அறியப்பட்டுள்ளன.

கொரோனா வந்தபோது, இவர்கள் அனைவரும் முதல் அலையிலேயே மாண்டுபோவார்கள் என்ற அச்சம் எழுந்தது. நடந்தது என்ன? 2020-இல் இத்தாலியிலிருந்து வந்த முதற்செய்திகள் வியப்பளித்தன. எதிர்ப்பொருளே சுரக்காத சிலர் நுரையீரல் அழற்சி கண்டும், செயற்கைச் சுவாசம் இன்றியே பிழைத்தார்கள். எதிர்ப்பொருளைச் செய்யும் அணுக்கள் இருந்தும், அவை ஒழுங்காக வேலை செய்யாத வேறு சிலரோ கடுமையாக நோயுற்றார்கள். பல நாடுகளிலிருந்து திரட்டிய 94 நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்தபோது, அவர்களில் 9 பேர் இறந்திருந்தனர்; மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் எளிதாகவே கடந்துபோயிருந்தது. குறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விளைவும் இருந்தது.

அதே ஆண்டில் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் கொரோனாவால் மூச்சுத் திணறிக் கிடந்தார்கள். நால்வரும் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அதுவரை பெருநோய் எதுவும் அறியாதவர்கள். ஒருவர் இறந்துபோனார். ஆராய்ந்தபோது டி.எல்.ஆர்.7 என்ற ஒரு மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. வைரஸின் வருகையை உணர்ந்து இன்டர்பெரான் என்ற பொருளைச் சுரக்கச் செய்வது அம்மரபணுவின் வேலை. வைரஸ் புகுந்த அணு, அண்டை அணுக்களுக்கு ஊதும் அபாயச் சங்குதான் இன்டர்பெரான். சங்கு ஊதாத ஊரில் திருடன் புகுந்தால் என்ன ஆகும்? இந்த இளைஞர்களுக்கு ஆனது அதுதான்.

என் நண்பர் இங்கே சற்று நிற்க வேண்டும். "வலுத்தவர்" யார்? "மெலிந்தவர்" யார்? பிறவியிலேயே நோயாளி என்று எழுதப்பட்ட ஒருவர் வீடு திரும்புகிறார். உடற்கட்டுள்ள இளைஞர் சுவாசக் கருவியில் கிடக்கிறார். நம்மில் எவருக்கு எந்தச் சங்கு ஊதாமல் இருக்கிறதோ, அதற்கென்று ஒரு வைரஸ் வந்து கதவைத் தட்டும்வரை நமக்குத் தெரியாது. அது தெரியாத நாம், போனவனைப் பார்த்து "இயற்கையின் தேர்வு" என்று தீர்ப்புக் கூறுவது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

பிழைத்தவர்களின் கதையும் அத்தோடு முடிந்துவிடவில்லை. எதிர்ப்பொருள் இல்லாத உடலில் வைரஸ் சிலபோது வாரக்கணக்காக, மாதக்கணக்காகத் தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் அது உருமாறவும் செய்கிறது. ஒருவருடைய நோய் அவர் வீட்டோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி மருந்துக்கு வருவோம். புரூட்டனின் சிறுவனுக்குக் கொடுத்த அதே மருந்துதான், தூய்மையிலும் அளவிலும் மேம்பட்டு, இன்றும் கொடுக்கப்படுகிறது. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் 8 முதல் 12 கிராம் வரை வேண்டியிருக்கும். அந்த ஒரு புட்டி மருந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பிளாஸ்மா கலந்திருக்கிறது. அவர்கள் உடல் எந்தெந்தக் கிருமியை அறிந்திருக்கிறதோ, அந்த அறிவெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. 2020-இன் தொடக்கத்தில் அந்தப் புட்டியில் கொரோனாவை எதிர்க்கும் பொருள் இல்லை. ஏனெனில் கொடுத்தவர்களிடமே அது இல்லை. மக்கள் நோயுற்றுத் தேறி, தடுப்பூசியும் போட்டுக்கொண்ட பின்னர், புட்டியிலும் அது தானே வந்து சேர்ந்தது. ஊரார் பெற்ற எதிர்ப்பாற்றல் ஒரு குழந்தையின் நரம்பில் ஏறுகிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வதை ஒரு புட்டியில் அடைத்துக் காட்ட முடியுமானால் அது இதுதான்!

நம் பக்கத்தில் நிலைமை என்ன? எங்கள் ஊர் தருமபுரிப் பக்கம். என் அத்தைக்கு மூன்று ஆண் குழந்தைகள் பிறந்து, மூன்றும் ஓராண்டு நிறைவதற்குள் காய்ச்சலில் இறந்தன. இரண்டு பெண்கள் நலமாக இருக்கிறார்கள். ஊர் அவரை "ராசியில்லாதவள்" என்றது. தொட்டில் போடும் வீட்டுக்கு அத்தை போவதில்லை. அந்தக் குழந்தைகளுக்கு வந்தது என்ன நோய் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. எவரும் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் மகன்கள் மட்டும் வரிசையாக இறக்கும் குடும்பத்தைக் கண்டால் சோதனை செய்ய வேண்டும் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்த அன்று, எனக்கு அத்தையின் முகம்தான் கண்முன் நின்றது.

உறவுக்குள் மணம் முடிப்பதும் நம்மிடையே பெருவழக்கு. தாய் தந்தை இருவரும் ஒரே மரபணுப் பிழையைச் சுமந்து வரும் வாய்ப்பு அதனால் மிகுகிறது. 1980-களில் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் அப்பாஜி ராவும் அவரோடு பணிபுரிந்தவர்களும் கருநாடகத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளின் இரத்தத் துளியைச் சோதித்தார்கள். பெற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உறவுக்குள் மணந்தவர்கள் என்று கண்டார்கள். அவர்கள் தேடியது அமினோ அமிலக் கோளாறுகளை. எதிர்ப்பாற்றல் அறவே இல்லாத குழந்தைகளையும் அதேபோல் ஒரு துளி உலர்ந்த இரத்தத்தில் கண்டுபிடிக்கும் சோதனை பின்னாளில் வந்தது. அமெரிக்காவில் 2008-இல் ஒரு மாநிலத்தில் அது தொடங்கியது. 2018-க்குள் ஐம்பது மாநிலங்களுக்கும் பரவியது. நம் நாட்டில் அது தேசியத் திட்டமாக இன்னும் வரவில்லை. பிறந்தவுடன் எல்லாக் குழந்தைக்கும் பி.சி.ஜி. ஊசி போடுகிறோம். அது பல இலட்சம் குழந்தைகளைக் காக்கும் நல்ல ஊசி. ஆயினும் அதில் இருப்பது உயிருள்ள கிருமி. எதிர்ப்பாற்றல் அறவே இல்லாத குழந்தைக்கு அதுவே நோயாகலாம். ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை; குழந்தையை முன்னரே அறிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது நேர்மையாகாது. 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. இக்குறைகளில் சில அதில் இடம்பெற்றன. பெங்களூரின் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையமும் சேர்ந்து அதன் சிறப்பு மையங்களுள் ஒன்றாயின. 2022-இல் உதவித் தொகை 50 இலட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. ஒரு முறை செய்யும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு அது பெருந்துணை. ஆனால் வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டிய குழந்தைக்கு வரம்பிட்ட தொகை எத்தனை நாள் வரும்? தொகை தீரும், நோய் தீராது.

"காசநோயும் சத்துக் குறைவும் உள்ள நாட்டில் அரிய நோய்க்கு எதற்குச் செலவு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒவ்வொன்றும் அரிது, ஐந்நூறும் சேர்ந்தால் அரிதல்ல. மேலும், கொரோனா ஏன் ஒருவரைக் கொன்று ஒருவரை விட்டது என்பதில் நாம் பெற்ற தெளிவு இவர்களிடமிருந்தே வந்தது. கற்பித்தவர்களுக்கு நாம் குருதட்சிணை செலுத்த வேண்டாமா?

பணமும் பதவியும் இல்லாத மாணவர்களாகிய நாம் என்ன செய்யலாம்? காய்ச்சலும் இருமலும் இருக்கும் நாளில் வகுப்புக்கு வந்து வீரம் காட்டாதிருக்கலாம். வேண்டிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாம். அதனால் நம் பக்கத்தில் இருப்பவரும் பயனடைவார். முகாம் நடக்கும்போது இரத்தம் கொடுக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நம் குடும்பங்களில் குழந்தைகள் இறந்த கதையைக் காது கொடுத்துக் கேட்கலாம்; "ராசி" என்ற பேச்சு எழுந்தால் மறுத்து, அடுத்த குழந்தையை மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம்.

இந்தப் பொங்கலுக்கு ஊர் போகிறேன். அத்தையின் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். இந்தக் கட்டுரையில் எழுதியதை அவர்களுக்குப் புரியும் சொல்லில் சொல்ல வேண்டும். விடுதியில் பேசாமல் எழுந்து வந்ததைப்போல் அங்கேயும் எழுந்து வந்துவிடக் கூடாது.