“என்னைத் தெரிகிறதா?” என்று கேளாதிருங்கள்



நம்முடைய கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடியுமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டுவிடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் நம் சபையிலேயே பலர் உண்டு. சென்ற மார்கழியில் ஒரு நாள், அதிகாலை நான்கு மணிக்கு, ஜீப் நிற்கும் இடத்தில் நம் சபையின் மூதாட்டி ஒருவர் கையில் தூக்குச்சட்டியோடும் தலையில் கட்டிய துண்டோடும் நின்றிருந்தார். அவருக்கு எண்பது வயது நெருங்குகிறது. மலைவேலையை விட்டு பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. தூக்குச்சட்டியில் சோறு இல்லை, தண்ணீர் மட்டுமே இருந்தது. ஓட்டுநரான தம்பி அவரை அடையாளங்கண்டு வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுவாரமும் அவ்வாறே நடந்தது. அதன்பின் வீட்டார் வெளியே பூட்டு போடத் தொடங்கினர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அமரும் இடமும் காலியாயிற்று. விசாரித்தபோது, “உடம்புக்கு முடியலைங்க ஐயா” என்ற பதிலே கிடைத்தது.

அந்தத் தாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையன்று. மூளையின் ஆழத்தில், காதுகளுக்கு நேர் உட்புறமாக, பக்கத்திற்கு ஒன்றாக ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. இன்று கண்டதையும் கேட்டதையும் நிலையான நினைவாகப் பதியச் செய்வதில் அதற்கு முக்கிய பங்கு உண்டு. அல்சைமர் நோயில் முதலில் பழுதுபடும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆகவே நேற்று நடந்தது பதியாமல் போகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதிந்தது நெடுங்காலம் நிலைத்திருக்கிறது. கைகளின் பழக்கமோ மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது. ஆதலால் அது இன்னும் தாமதமாகவே அழிகிறது. மூன்றரை மணிக்கு விழித்து, துண்டைக் கட்டி, தூக்குச்சட்டியை எடுப்பது அந்தத் தாயின் கைகளில் ஊறிப்போன வேலை. தாம் வேலையை விட்டுவிட்ட செய்திதான் அவரிடம் தங்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இதை வாசித்துப் பயப்படுகிறவர்கள் இருப்பீர்கள். முதுமையின் மறதி எல்லாம் நோயன்று. எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது. அண்மையில் ஒரு ஞானஸ்நான ஆராதனையில், குழந்தையைக் கையில் ஏந்தியபின் அதன் பெயரை மறந்து நின்றேன். தகப்பன் காதில் சொன்ன பிறகே தொடர முடிந்தது. வயது ஏற ஏறப் பெயர்கள் நழுவும், புதியதைக் கற்க அதிக நேரம் பிடிக்கும். சொல்வளமும் அநுபவ அறிவும் பெரும்பாலும் குறைவதில்லை. குழம்பில் உப்புப் போட்டோமா என்று ஐயுறுவது எவருக்கும் நேரும். ஐம்பது ஆண்டுகள் வைத்த குழம்பை எப்படி வைப்பதென்றே தெரியாமல் அடுப்பின்முன் நிற்பதும், பிறந்து வளர்ந்த தெருவில் வழி தவறுவதும் அப்படிப்பட்டவையல்ல. அவற்றை அலட்சியம் செய்யாதிருங்கள்.

நம் நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடமும், கிராமத்தாரிடமும், பள்ளிக்கல்வி பெறாதவர்களிடமும் அது அதிகம். மலைக்குச் சென்று உழைத்த நம் தாய்மார்கள் இம்மூன்று வகையிலும் அடங்குவார்கள். நம் சபைப் பதிவேட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 140 பேர். நாட்டின் சராசரி அப்படியே நமக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. எனினும் அந்தக் கணக்கின்படி சுமார் பத்துப் பேர் இருக்க வேண்டும். நான் அறிந்தவர்கள் நான்கு பேர் மட்டுமே. மற்றவர்கள் எந்த வீட்டில், எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள்? உங்கள் போதகருக்கே தெரியவில்லை என்பது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

அவர்கள் மறைக்கப்படுவதற்குச் சபையாகிய நாமும் காரணம் என்பது என் கருத்து. “மறதியின் ஆவி” என்று ஜெபக்கூட்டங்களில் துரத்துகிறோம். பழைய பாவத்தின் பலன் என்று திண்ணையில் தீர்ப்புச் சொல்லுகிறோம். இரத்த அழுத்தத்திற்கு எந்த ஆவியையும் குற்றஞ்சாட்டாத நாம், தளர்ந்துபோன மூளைக்கு மாத்திரம் ஏன் அப்படிச் செய்கிறோம்?

இதை எழுத எனக்குத் தகுதி குறைவு என்பதையும் அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சபையில் ஊழியம் செய்தபோது, திருவிருந்தில் முதிர்ந்த தாய் ஒருவர் அப்பத்தை வாங்கி, உண்ணாமல், முந்தானையில் முடிந்துகொண்டார். சிலர் முகம் சுளித்தார்கள். அடுத்த மாதம் அவர் கை நீட்டியபோது நான் அவரைக் கடந்து அடுத்தவருக்குக் கொடுத்தேன். கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில், பந்தியில் சேருமுன் ஒவ்வொருவரும் தம்மை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று பவுல் கூறுகிறாரே. தம்மையே அறியாதவர் எப்படி ஆராய்வார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்தத் தாய் நீட்டிய கையை மடக்கவில்லை. ஆராதனையின் முடிவில் பரமண்டல ஜெபத்தை ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். அவருக்கு அப்பம் கொடுக்க மீண்டும் எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த மாதமே காலமானார்.

பவுல் அங்கே கண்டித்தது எவர்களை? ஏழைகள் வருமுன்னே தின்று முடித்த வசதியுள்ளவர்களை. நினைவு குன்றியவர்களைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. ஆண்டவர் தம்மை நினைவுகூரும்படி கட்டளையிட்ட வாக்கியத்தில், கிரேக்க வினைச்சொல் பன்மையில் இருக்கிறது என்று அரசரடி இறையியல் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். கட்டளை கூட்டாக அனைவருக்கும் தரப்பட்டது. ஒருவர் நினைக்க இயலாதபோது, பக்கத்தில் முழங்காற்படியிடுகிறவர் அவருக்காகவும் சேர்த்து நினைக்கலாம். அன்று எனக்கு இது தோன்றவில்லை.

இரண்டாம் சாமுவேல் 19-ஆம் அதிகாரத்தில் பர்சிலாவைப் பாருங்கள். எண்பது வயதானவர். எருசலேமுக்கு வரும்படி தாவீது ராஜா அழைத்தபோது, தமக்கு ருசி தெரியவில்லை, பாட்டு கேட்கவில்லை, நன்மை தீமை பகுத்தறியும் திறன் குன்றிவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லுகிறார். ராஜா அவரைத் தேற்றவும் முயலவில்லை, சோதிக்கவும் இல்லை; முத்தமிட்டு ஆசீர்வதித்து, அவருடைய ஊருக்கு அனுப்புகிறார். இதற்கு நேர்மாறானது ஈசாக்கின் வீடு. கண் மங்கிய தகப்பனிடம் ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு வந்து ஆசீர்வாதத்தை எடுத்துக்கொண்டார்கள். பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்காக, என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத தகப்பனிடம் கைநாட்டு வாங்கிய பிள்ளைகளை நான் அறிவேன். பெயர் சொல்ல மாட்டேன். பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெற 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது என்பதை அப்பிள்ளைகளும் அறிந்துகொள்வது நல்லது.

தலைப்புக்கு வருகிறேன். அன்போடுதான் கேட்கிறோம்: “அப்பத்தா, நான் யாருன்னு தெரியுதா? சொல்லு பாப்போம்.” மருத்துவர் கேட்பது வேறு, நோயை அளக்க அவருக்கு அது தேவை. நாம் கேட்கும்போது அது பத்துப் பேர் முன்னிலையில் வைக்கும் பரீட்சையாகிறது. பதில் தெரியாது என்பதை அவர் உணருகிறார், வெட்கப்படுகிறார். கேள்வி மறந்துபோகும், வெட்கம் தங்கிவிடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக்காட்சிகளைக் காட்டினார்கள். சற்று நேரத்தில் காட்சிகள் மறந்துபோயின. அவை எழுப்பிய துயரமோ மகிழ்ச்சியோ அதற்குப் பின்னும் நீடித்தது. ஆகவே, “நாம போய்ட்டு வந்தா மட்டும் அவங்களுக்கு நினைவிருக்கவா போகுது?” என்று யாரும் சொல்ல வேண்டாம். உள்ளே நுழையும்போதே, “அப்பத்தா, நான் உங்க மூத்த மகன் வீட்டுப் பேத்தி வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவம் வேண்டுமா, ஜெபம் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் கண்டிப்பானது: அழைத்துச் செல்லுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, விழுந்ததால் தலைக்குள் உறைந்த இரத்தம் ஆகியவையும் மறதியாகத் தோன்றக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. க.விலக்கில் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதை டப்பாவில் சேர்த்துவைக்காமல் விழுங்குங்கள். கல்வியின்மை, காது கேளாமை, தனிமை, புகை உட்பட 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் ஆணையம் 2024-இல் மதிப்பிட்டது. முதியோருக்கான உதவிக்கு 14567 என்னும் இலவச எண்ணையும் அழைக்கலாம்.

இனி பூட்டைப் பற்றி. கடிந்துகொள்ளும் எண்ணத்தோடுதான் அந்த வீட்டுக்குப் போனேன். மருமகள் வாசலில் நின்றே சொன்னார்: “ஐயா, ஒரு நாள் மலைக்குப் போகலைன்னா கூலி போச்சு. கதவைப் பூட்டாமப் போனா அத்தை போச்சு. எதை விடச் சொல்றீங்க, நீங்களே சொல்லுங்க.” என்னிடம் பதில் இல்லை. ஜெபிக்கவும் நாக்கு எழவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைச் சொன்னபோது, விதவைத் தாய்மார் இருவர், நாங்கள் போய் இருக்கிறோம் என்றார்கள். இப்போது வாரத்தில் நான்கு நாள்கள் அந்தக் கதவு பூட்டப்படுவதில்லை. பழைய ஏலக்காய்களை ஒரு முறத்தில் கொட்டிக் கொடுத்தால், அந்தத் தாய் மணிக்கணக்காகத் தரம் பிரிக்கிறாராம்; ஒன்றுகூடத் தவறுவதில்லையாம். சென்ற ஞாயிறு ஆலயத்துக்கும் அழைத்து வந்தார்கள். பாமாலைப் பாடல்களைப் புத்தகமின்றிப் பாடினார். திருவிருந்தில் அப்பத்தை வாங்கி உடனே உண்டார். வாசலில் என்னை நிறுத்தி, “ஜீப்பு வந்துருச்சாய்யா?” என்று கேட்டார். “இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா, மலைக்கு லீவு” என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

செவ்வாய், வியாழக்கிழமைகளில் அவருடன் இருக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை. இருவர் பகிர்ந்துகொண்டாலும் போதும். இயன்றவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயரம்மாவிடம் பெயர் கொடுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அதையும் அவரிடமே சொல்லுங்கள்.