கோலம் ஆடுகிறது, குரலைக் காணோம்!

ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த நெல்லிவாசல்நாட்டிலிருந்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டு அரசாங்கம் 2011-ம் வருஷம் முதல் மாணவர்களுக்கு இனாமாக வழங்கிய மடிக்கணினிகளில் ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது. காலஞ்சென்ற பாட்டியார் பாடிய சாமை அறுப்புப் பாட்டுக்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. வேறு பிரதி கிடையாது. வி.எல்.சி. என்னும் பிளேயரில் அவற்றை ஓட்டினால், திரையில் வர்ணக் கோடுகள் தாண்டவமாடுகின்றனவாம். சப்தம் மட்டும் இம்மியும் இல்லையாம். அடிவாரத்துக் கடைக்காரர் ஒருவர், "பாட்டெல்லாம் கெட்டுவிட்டது, முழுவதையும் அழித்துப் புதிதாய்ப் போட வேண்டும்" என்று தீர்ப்பளித்துவிட்டாராம்.

வேண்டவே வேண்டாம்! முதற்காரியமாக அப்பாட்டுக்களை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துக. நோயைப் பிறகு பார்ப்போம்.

சுருக்கி வைத்த பாட்டைப் பிளேயர் முதலில் எண்களாக விரிக்கிறது. இசைத்தட்டின் தரத்தில் வினாடிக்கு 44,100 எண்கள். ஒரே வாய்க்கால் நீர் இரண்டு மடைகளில் பிரிவதுபோல், அவ்வெண்கள் ஒருபுறம் ஒலிபெருக்கிக்கும், மற்றொருபுறம் விஷுவலைசர் என்னும் கோலக்காரனுக்கும் போகின்றன. கோலக்காரனுக்குக் காது கிடையாது. எண்களில் மந்தரம் எவ்வளவு, தாரம் எவ்வளவு என்று கணக்கிட்டே கோடு போடுகிறான். ஆகவே, குரலின் ஏற்ற இறக்கத்திற்கு இசைந்து கோடு ஆடினால் பாட்டு சௌக்கியமாயிருக்கிறது என்று அர்த்தம். அடைப்பு ஒலிபெருக்கி மடையில்தான்.

அந்த மடையைச் சோதிக்கலாம். வி.எல்.சி.யில் 'எம்' விசையைத் தவறி அழுத்தினாலே வாய் அடைத்துவிடும். மறுபடி அழுத்தினால் திறக்கும். அடுத்து, கணினியின் சொந்த சப்த அளவு. அதன்பின் 'ஆடியோ' பட்டியில் 'ஆடியோ டிவைஸ்' என்பதைப் பார்க்கவும். எச்.டி.எம்.ஐ. என்றிருந்தால் இல்லாத டெலிவிஷனுக்குப் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும். புளூடூத் என்றிருந்தால் அடுத்த அறைப் பெட்டிக்குள் கிடக்கும் காதணிக்கருவி இரகசியமாகக் கச்சேரி கேட்டுக்கொண்டிருக்கும்! ஹெட்போன் துவாரத்தின் உள்தகடு ஒட்டிக்கொண்டாலும் ஒலிபெருக்கி ஊமையாகும். செருகியை நாலைந்து முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் விடுபடும்.

அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் நம் சென்னை ஸி-டாக் நிபுணர்கள் ஆக்கிய பாஸ் லினக்ஸும் குடியிருந்தது. அது இன்னும் இருக்குமானால், அதில் கணினியைத் தொடங்கிப் பாட்டைப் போடுக. அங்கே குரல் கேட்டால் யந்திரத்தில் கோளாறில்லை. விண்டோஸின் ஒலி டிரைவரை மட்டும் மீண்டும் நிறுவினால் போதும். சுதேசிச் சரக்கு வைத்தியத்துக்கும் உதவுகிறது.

கோலமும் குரலும் இரண்டுமே இல்லையென்றால் வேறொரு பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது பாடினால் முந்திய பதிவின்மேல் சந்தேகப்படலாம். எதுவுமே பாடாவிட்டால், 'பிரிபரன்ஸஸ்' பகுதியில் 'அவுட்புட் மாட்யூல்' என்பதை 'ஆட்டோமாட்டிக்' ஆக்கி, பிளேயரை மூடித் திறக்கவும். அங்கேயுள்ள 'ரீஸெட்' பொத்தானும் அமைப்புகளை மாற்றுமேயன்றிப் பாட்டுக்களைத் தொடாது.

குரல் வந்தபின் விக்கிவிக்கிப் பாடினால் கோலக்காரனைக் கவனிக்கவும். வின்ஆம்புக்காக 2001-ல் பிறந்த மில்க்டிராப்பின் வழியில் எழுந்த புராஜெக்ட்எம் கண்ணைப் பறிக்கும். ஆனால் சிறிய கணினியின் சக்தியையெல்லாம் அதுவே விழுங்கிவிடும். 'விஷுவலைசேஷன்ஸ்' பட்டியில் 'ஸ்பெக்ட்ரம்' என்ற எளிய கோலம் இருக்கிறது.