3 மி.மீ. துளையும் உங்கள் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் இதழில் பிளாஸ்டிக் ரோபோ பற்றி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பள்ளி செல்லும் பிள்ளை இருக்கும் வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்துவிட்டால், ஜப்பானிய மெக்கா கிட் படங்கள் என்றாவது ஒருநாள் மானிட்டரில் வந்து நிற்கும். வாங்கித் தரச் சொல்லி நச்சரிப்பும் தொடங்கும். "பிளஸ் டூ முடியட்டும், பார்க்கலாம்" என்பது மதிப்பெண்ணுக்குப் பேர் போன நம் நாமக்கல் மாவட்டத்துப் பெற்றோரின் வழக்கமான பதில். அந்தப் பதில் தவறு என்பது என் கருத்து.

மெக்கா என்பது மனிதன் உள்ளே ஏறி இயக்குவதாகக் கற்பனை செய்யப்பட்ட பெரிய எந்திரம். 1979ல் ஜப்பான் டி.வி.யில் வந்த குண்டம் தொடரை ஒட்டி, 1980ல் பண்டாய் நிறுவனம் 144ல் ஒரு பங்கு அளவில், 300 யென் விலையில் முதல் கிட்டை விற்றது. அதற்குப் பசை வேண்டும். இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை பசை இல்லாமலே பொருந்துபவை. பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். நிப்பரால் நறுக்கி, எண் பார்த்து மாட்ட வேண்டியதுதான். குறிப்புகள் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் எல்லாம் படமாகவே இருப்பதால் சிரமம் இல்லை.

இவற்றில் ஒரு தனி வகை உண்டு. கோட்டோபுகியா நிறுவனத்தின் ஜைஜான்டிக் ஆர்ம்ஸ் வரிசையில் பவர்டு கார்டியன் என்று ஒரு கிட் இருக்கிறது. கை கால் மடங்கும் சுமார் 15 செ.மீ. உருவப் பொம்மையை உள்ளே ஏற்றலாம். அதே நிறுவனம் 2017ல் தொடங்கிய ஹெக்ஸா கியர் வரிசை 24ல் ஒரு பங்கு அளவு. அதில் ஆறடி மனிதன் ஏழரை செ.மீ. உயரம்தான் இருப்பான். அவன் ஏறி ஓட்டும் ஓநாய் போன்ற வண்டியெல்லாம் உண்டு. இப்படி ஒன்றைக் கட்டி முடித்ததும் வேலை தீர்ந்துவிடாது. தோளைக் கழற்றி இடுப்பில் மாட்டலாம், இரண்டு கிட்டைச் சேர்த்து மூன்றாவது உருவத்தைச் செய்யலாம்.

இதைச் சாத்தியமாக்குவது ஒரு சின்ன விஷயம்: 3 மி.மீ. குச்சி, 3 மி.மீ. துளை. பண்டாய் 2019ல் கொண்டுவந்த 30 மினிட்ஸ் மிஷன்ஸ் வரிசையிலும் இதே அளவுதான். போட்டி நிறுவனங்களின் பாகங்கள்கூட ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன.

உங்கள் கம்ப்யூட்டரின் கதையும் இதுதான். 1981ல் ஐ.பி.எம். தன் பி.சி.யில் 5 ஸ்லாட்டுகள் வைத்து, அவற்றின் நுட்ப விவரங்களையும் புத்தகமாக வெளியிட்டது. அதனால்தான் மற்றவர்கள் கார்டு செய்ய முடிந்தது. 1995ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவில் ஸ்குரூ துளை எங்கே வர வேண்டும் என்பதுவரை தீர்மானித்துவிட்டார்கள். அதனால்தான் ஒருவருடைய மதர்போர்டு இன்னொருவருடைய கேபினட்டில் உட்காருகிறது. அசெம்பிள்டு கம்ப்யூட்டரை ராம் போட்டு, ஹார்ட் டிஸ்க் மாற்றிப் பல ஆண்டு ஓட்ட முடிவதும் இதனால்தான்.

திருச்செங்கோட்டுக்காரருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கிருந்து சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் வரை போகும் போர்வெல் ரிக் வண்டியைப் பாருங்கள். சேஸிஸ் ஒரு கம்பெனி, மேலே ஏறும் ரிக் இன்னொரு கம்பெனி, கம்ப்ரசர் வேறொன்று. ராடுகளின் மரை ஒத்துப்போனால் ஆறரை இன்ச் துளை இறங்கும், இல்லாவிட்டால் வண்டி நிற்கும். ஹேமர் தேய்ந்தால் ஹேமரை மட்டும் மாற்றுவார்கள். இப்படிப் பிழைக்கும் ஊரில், பிள்ளை ஒரு எந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவதைப் 'பொழுதைப் போக்குகிறான்' என்கிறோம்!

இனி கம்ப்யூட்டருக்கு வேலை வருகிறது. டின்கர்கேட் என்ற இலவச சாப்ட்வேர் பிரவுசரிலேயே இயங்கும், எதையும் இன்ஸ்டால் செய்திட வேண்டியதில்லை. கட்டம், உருளை போன்ற உருவங்களை இழுத்துவைத்து, மெக்காவுக்கு ஒரு கேடயமோ தோள் பட்டையோ வரைந்து, எஸ்.டி.எல். பைலாக சேவ் செய்திடலாம். 3டி பிரின்டரை நீங்கள் வாங்க வேண்டாம். மத்திய அரசின் அடல் டின்கரிங் லேப் உள்ள பள்ளிகளில் பிரின்டர் இருக்கிறது. பிள்ளையின் பள்ளியில் அந்த லேப் இருக்கிறதா, அல்லது பூட்டிக் கிடக்கிறதா என்று ஒருமுறை போய்க் கேளுங்கள்.

கிட் வாங்குமுன் சில விஷயங்கள். பவர்டு கார்டியன் போன்ற பெரிய கிட்டில் கை வைக்காமல், 30 மினிட்ஸ் மிஷன்ஸ் போன்ற சிறியதில் தொடங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியரும் சுங்கவரியும் சேர்ந்து விலை எகிறிவிடும், கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். கோட்டோபுகியா பெட்டிகளில் 15 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். சின்னக் குழந்தை தவழும் வீட்டில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரில்லாத மலிவு நகல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். 3 மி.மீ. என்பது அவற்றில் சில சமயம் 2.9 ஆக இருந்து, கை தொங்கிவிடும்.

வரையும்போதும் இதே கவனம் வேண்டும். பிரின்டரில் வரும் துளை வரைந்ததைவிடச் சற்றுச் சிறுத்துத்தான் வரும். எனவே 3.2 மி.மீ. என்று வரைந்து பாருங்கள். குச்சியை நிற்கவைத்துப் பிரின்ட் எடுத்தால் அடுக்கு வாக்கில் ஒடியும், படுக்கவைத்து எடுங்கள். முதல் தடவை பெரும்பாலும் பொருந்தாது. பைலைத் திறந்து 0.1 மி.மீ. கூட்டியோ குறைத்தோ, வேறு பெயரில் சேவ் செய்து, மறுபடி அனுப்புங்கள். பழைய பைலை அழித்துவிட வேண்டாம்.