காண்டலும் கற்றலும்

கல்வி இரு வழியால் வரும். நூலிற் படித்து அறிவது ஒன்று. பொருளைக் கண்ணாற் கண்டு அறிவது மற்றொன்று. படித்ததைக் கண்டதனோடு ஒப்பிட்டு நோக்கும்போதே ஐயம் நீங்கி அறிவு நிலைபெறும். உயிர்களின் உடலமைப்பைக் கற்பிக்கும் கலையில் இவ்வுண்மை இனிது விளங்கும்.

இதனைப் பண்டை இந்திய மருத்துவர் நன்குணர்ந்திருந்தனர். இறந்த உடலைப் புல் முதலியவற்றாற் சுற்றிக் கூட்டினுள் இட்டு, ஓடும் நீரில் அமிழ்த்தி வைக்குமாறு சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் கூறுகிறது. ஏழு இரவுகள் கழிந்தபின் அதனை எடுத்து, தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோல் முதலாக உள்ளுறுப்புகள் ஈறாக ஒவ்வொன்றையும் கண்ணாற் காணவேண்டும் என்பது அந்நூலின் விதி.

மேலைநாட்டில் இக்கலை நெடுங்காலம் தேங்கிக் கிடந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவர், குரங்கு முதலிய விலங்குகளை அறுத்துக் கண்டவற்றை மக்கள் உடலுக்கும் ஏற்றி எழுதினார். பின்வந்தோர் அவர் நூலையே முடிந்த முடிபாகக் கொண்டனர். ஆசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நூலைப் படிப்பார். கீழே வேறொருவர் உடலை அறுப்பார். படிப்பவர் உடலைப் பார்ப்பதில்லை. அறுப்பவர் நூலை அறிவதில்லை. இந்நிலையில், பதுவா நகரிற் கற்பித்த வெசேலியஸ் என்பவர் தம் கையாலேயே அறுத்து மாணவர்க்குக் காட்டினார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கேலன் எழுதியிருந்தார். அது ஒரே எலும்பு என்பதை வெசேலியஸ் கண்டார். தாம் கண்டவற்றை 1543ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார்.

அங்ஙனமாயின், மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தவளையைக் கொன்று அறுத்துப் பார்த்தல் வேண்டுமோ? வேண்டா. ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருப்பின் நாற்பது தவளைகள் மாளும். வயலிற் பூச்சிகளை உண்டு உழவனுக்கு உதவும் உயிர் அது. பலர் முன்பே பன்முறை கண்டறிந்த ஒன்றை மீண்டும் காண்பதற்காக உயிர்களை எண்ணின்றி மாய்த்தல் அறமாகாது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவும் விலங்கறுப்பைப் படிப்படியாகக் குறைக்குமாறு 2011ஆம் ஆண்டில் நெறிகாட்டி, 2014ஆம் ஆண்டில் விலங்கியற் படிப்புகளில் அதனை நிறுத்துமாறு அறிவித்தது.

படங்களும் பொம்மைகளும் கணினித் திரையும் இன்று பெரிதும் துணைசெய்கின்றன. எனினும், அவை பிறர் கண்டதையே காட்டுவன. படத்தில் ஈரல் ஒரு நிறம், குடல் ஒரு நிறம் எனப் பிரிந்து தோன்றும். உண்மை உடலில் அவை ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும். ஆதலின், பள்ளியில் முன்பே பதப்படுத்தி வைத்த உடல் ஒன்று இருப்பின், அதனைப் போற்றிப் பயன்கொள்வதே தக்கது. பார்மலின் என்னும் நீர்மம் உடலை அழுகாமற் காக்கும் என்பதை 1893ஆம் ஆண்டில் பெர்டினாண்டு பிளம் என்னும் செர்மானிய மருத்துவர் வெளியிட்டார். அவ்வாறு காத்த ஓருடல் ஆண்டுதோறும் பல வகுப்புகளுக்கு ஆசிரியனாக நிற்கும். ஆயினும், புட்டியில் உள்ளதும் ஒரு காலத்தில் உயிரோடு உலவியதே என்பதை மறத்தலாகாது.

அதனை எவ்வாறு காண்பது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லூயி அகாசி என்னும் பேராசிரியர், சாமுவேல் ஸ்கடர் என்னும் மாணவரிடம் சாராயத்திற் பதப்படுத்திய மீன் ஒன்றைக் கொடுத்து, உற்று நோக்குமாறு பணித்தார். பத்து நிமிடத்திற்குள் காணவேண்டியவற்றை எல்லாம் கண்டுவிட்டதாக அம்மாணவர் எண்ணினார். ஆசிரியரோ மீண்டும் மீண்டும் அதையே பார்க்கச் செய்தார். வேறு வழியின்றி மாணவர் மீனை வரையத் தொடங்கினார். வரைய வரைய, முன்பு காணாதன புலப்பட்டன. இவ்வாறு மூன்று நாள்கள் சென்றன. ஸ்கடர் பின்னாளிற் பூச்சியியலில் பெரும்புகழ் எய்தினார். அம்மீனால் பெற்ற பயிற்சியையே தாம் கற்றவற்றுள் சிறந்த பாடமாகப் போற்றினார்.

இன்றோ மாணவர் பலர் பாடநூற் படத்தைப் பார்த்தே தம் ஏட்டில் வரைந்துவிடுகின்றனர். தவளையின் இதயத்துக்கு மேலறை இரண்டு, கீழறை ஒன்று என்று வண்ணம் தீட்டி முடிக்கின்றனர். எதிரே கிடக்கும் உடலைத் திரும்பியும் பாரார். அவர்கள் கேலன் நூலைப் படித்த பழைய ஆசிரியரின் இருக்கையிலேயே அமர்ந்திருக்கின்றனர். அறிவுக்காக ஓருயிர் மடிந்திருக்க, அதனைக் காணாது விடுதல் இரு மடங்கு பிழையாகும். உயிரும் வீணாயிற்று, கல்வியும் வீணாயிற்று.

மருத்துவமும் கால்நடை மருத்துவமும் கற்கப் புகுவோர் பிற்காலத்தில் கத்தியை ஏந்தட்டும். பள்ளி மாணவர்க்கு வேண்டியது கூரிய கத்தியன்று. கூரிய கண்ணும் இரங்கும் நெஞ்சுமே ஆகும்.