கஜானா காலியென்றால் கதவடைப்பதா?

தோழர்களே! "பணமில்லை" என்பதைப் போல் சர்க்காருக்குச் சுலபமான சொல் வேறில்லை. அந்த ஒரே சொல்லால் உழைப்பாளியின் கல்லூரியை எப்படி ஒடுக்கலாம் என்பதற்கு, செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே சான்று உண்டு.

அங்கே சமுதாயக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. இரண்டாண்டுப் படிப்பு. மார்க் பார்த்து விரட்டுவதில்லை. வயது கேட்டுத் தடுப்பதில்லை. பகலெல்லாம் பட்டறையில் பாடுபடுபவன் மாலையில் வெல்டிங் கற்கலாம். நர்ஸ் வேலைக்குப் படிக்கலாம். அங்கிருந்து பல்கலைக் கழகத்துக்கும் போகலாம். கலிபோர்னியா மாநிலத்தில் 1984 வரை இதற்குச் சம்பளமே கிடையாது!

பிறகு என்ன நேர்ந்தது? 1978ல் சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்றார்கள். உள்ளூர் வருமானம் வற்றியது. கல்லூரிகள் மாநிலக் கஜானாவின் கையை எதிர்பார்த்து நின்றன. 2008ல் பொருளாதாரம் சரிந்தது. கஜானா கையை விரித்தது!

கல்லூரிகள் என்ன செய்தன? வகுப்புகளைக் குறைத்தன. பகுதிநேர ஆசிரியர்களின் வேலையைப் பறித்தன. பாட அலகு ஒன்றுக்கு 2009ல் 26 டாலராக இருந்த சம்பளம், 2011ல் 36 ஆயிற்று. 2012ல் 46 ஆயிற்று. "ஏழைக்குச் சம்பளத் தள்ளுபடி உண்டே!" என்றார்கள். உண்டு, மறுக்கவில்லை. வகுப்பே இல்லாத இடத்தில் தள்ளுபடி எதற்கு? 2008க்கும் 2012க்கும் இடையே மாணவர் தொகையில் சுமார் ஐந்து லட்சம் குறைந்தது. படிக்க ஆசையில்லாமலா குறைந்தது? இடமில்லாமல் குறைந்தது!

சான்டா மோனிகா கல்லூரி 2012ல் ஒரு யுக்தி செய்தது. கூட்டம் மிகுந்த பாடங்களுக்குத் தனி வகுப்பு. சம்பளம் ஏறத்தாழ நான்கு மடங்கு! பணமுள்ளவன் உள்ளே, இல்லாதவன் வரிசையிலே! மாணவர்கள் வெகுண்டனர். ஏப்ரல் 3ஆம் நாள் நிர்வாகக் குழுவின் கூட்ட அறைக்குள் நுழைய முயன்றவர்கள் மீது மிளகுக் காரத்தைப் பீய்ச்சினார்கள். கண்ணெரிச்சல் மாணவனுக்கு, தோல்வியோ திட்டத்துக்கு! சில நாட்களில் அதைக் கைவிட்டார்கள்.

நிர்வாகிகளைக் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. அரைத் துணியைக் கொடுத்து முழுச்சட்டை கேட்டால், தையற்காரன் கையில்லாத சட்டைதான் தைப்பான். குற்றம் கத்திரியில் இல்லை. துணியை அளந்தவனிடம் இருக்கிறது.

ஆகவே மக்கள் அளப்பவனிடமே போனார்கள். 2012 நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்கள், பெரு வருமானக்காரர் மீது வரியை உயர்த்த ஒப்பினர். விற்பனை வரியையும் சிறிதே கூட்டிக்கொண்டனர். கல்விக்கு மூச்சு வந்தது. சான்பிரான்சிஸ்கோ நகரம் இன்னும் ஓரடி முன்னே வைத்தது. 50 லட்சம் டாலரும் அதற்கு மேலும் விலைபோகும் சொத்து கைமாறும்போது விதிக்கும் வரியை உயர்த்தலாம் என்று 2016ல் வாக்களித்தது. மறு ஆண்டு முதல் நகரவாசிகளுக்கு அவ்வூர்ச் சமுதாயக் கல்லூரியில் சம்பளமில்லாப் படிப்பு!

அதே நாடு, அதே மாநிலம். நேற்று இல்லாத பணம் இன்று எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து கொட்டவில்லை. இருந்த இடத்தில் கேட்டார்கள், வந்தது!

எனவே தோழர்களே, கல்விக்குப் பணமில்லை என்று எவர் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். நேருக்கு நேர் கேளுங்கள்: பணம் யாரிடம் இல்லை? இருப்பவனிடம் கேட்டீர்களா?