பயனற்ற விவரங்களை நீக்குதல்

கம்பம்மெட்டைச் சூழ்ந்த இடுக்கி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில், கேரளத்தின் ஏனைய அரசுப் பள்ளிகளிற் போலவே, கைட் நிறுவனம் வழங்கும் லினக்ஸ் கணினி முறை பயன்படுகிறது. அதன் கருவாகிய கர்னலில் நிகழும் சிறு மாறுதலும் ஒருநாள் ஆசிரியரின் மேசையை வந்தடையும்.

இன்டெல் நிறுவனத்தின் வரைகலைச் சிப்புகளை இயக்கும் எக்ஸ்இ என்னும் டிரைவர், 2024 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.8இல் இடம்பெற்றது. அதற்கு முன்னரே, பயன்பாட்டு நிரல்களுக்கு அது அறிவித்துவந்த விவரங்களுட் சில களையப்பெற்றன. நினைவகப் பகுதிகள் எத்தனை என்று தனியே கூறும் விவரம் அவற்றுள் ஒன்று. அவ்வெண்ணிக்கை பகுதிகளின் பட்டியலிலேயே உள்ளது. ஒரே கணக்கை இரு பதிவேடுகளில் எழுதினால் என்றேனும் அவை முரண்படும் என்பதைக் களப்பணியாளர் நன்கறிவர்.

நீக்கத்தினும் அது நிகழ்ந்த காலமே பாராட்டத்தக்கது. வெளியிட்ட இடைமுகத்தை மாற்றிப் பழைய நிரல்களைப் பழுதாக்கலாகாது என்பது லினக்ஸ் உருவாக்குவோரின் நெடுநாளைய விதி. வெளியான பின்னர், ஒரு விவரத்தை எவரும் கேட்பதில்லை என்று கூறுதல் எளிது, மெய்ப்பித்தல் அரிது. மலைப்பள்ளியொன்றின் பழைய நிரல் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். திரை இருண்டால் மாணவருக்கு விடை கூற வேண்டியவர் ஆசிரியரே.

புதிய விவரம் எதுவும், அதனைப் பயன்படுத்தும் திறந்தமூல நிரல் ஒன்றைக் காட்டினாலன்றிச் சேர்க்கப்படலாகாது என்னும் விதியும் இத்துறையில் உண்டு. கடுமையாகத் தோன்றினும், அது தளர்த்தற்குரியதன்று.